ஒரே பெயர், பல எழுத்துகள்

பெயர்களின் வேரைத் தேடிப் போவது எனக்கு நெடுநாளைய விருப்பம். அதனால்தான், ஒருவருடைய பெயரைப் பார்த்தவுடன் "இது தப்பான எழுத்துக்கூட்டல்" என்று யாரேனும் தீர்ப்புச் சொல்லும்போது என்னால் பேசாமல் இருக்க முடிவதில்லை. ஒரே பெயர் இடத்துக்கு இடம் வெவ்வேறாக எழுதப்படுவதற்குப் பெரும்பாலும் கவனக்குறைவு காரணமன்று. அது எந்தக் காதுகளில் விழுந்தது, எந்த எழுத்துமுறைகளின் வழியாக வந்தது என்பதே காரணம்.

'இறைவன் அருள்கூர்ந்தார்' என்று பொருள்படும் யோகனான் என்ற எபிரேயப் பெயரை எடுத்துக்கொள்வோம். கிரேக்கத்தில் அது யோவான்னெஸ் ஆனது. இலத்தீன் வழியாக ஐரோப்பா முழுவதும் பரவி, பிரான்சில் ழான், ஸ்பெயினில் ஹுவான், இத்தாலியில் ஜியோவானி, ரஷ்யாவில் இவான், ஜெர்மனியில் ஹன்ஸ், இங்கிலாந்தில் ஜான் என வேர்விட்டது. இப்பெயரைத் தாங்கிய திருமுழுக்கு யோவான் குர்ஆனில் யஹ்யா. தமிழ்க் கத்தோலிக்கர்களோ ஒலியை விட்டுவிட்டுப் பொருளைப் பிடித்துக்கொண்டு அருளப்பர் என்றார்கள். இந்த வடிவங்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது அதுதான். அயர்லாந்தில் இப்பெயர் இரண்டு முறை வந்து சேர்ந்திருக்கிறது. தொடக்கக் காலக் கிறித்தவத்தோடு இலத்தீனிலிருந்து வந்தது ஓவென். 12ஆம் நூற்றாண்டில் நார்மானியர்கள் வந்தபின் அவர்களுடைய பிரெஞ்சிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது ஷான். இரண்டும் இன்றும் அங்கே வழக்கில் இருக்கின்றன என்பதால், ஒரு நாட்டின் வரலாற்றில் இரண்டு அடுக்குகளை அந்த இரண்டு பெயர்களைக் கொண்டே படித்துவிடலாம்.

'மனிதரைக் காப்பவர்' என்ற பொருளுடைய கிரேக்கப் பெயரான அலெக்சாண்டர் அரபுக்குள் நுழைந்தபோது நடந்தது இன்னும் சுவையானது. அரபு மொழியில் 'அல்' என்பது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் சுட்டு. பெயரின் முதல் அசையையும் மக்கள் அந்தச் சுட்டாகவே எடுத்துக்கொண்டார்கள்; எனவே அதைக் கழற்றிவிட்டு, எஞ்சியதை இஸ்கந்தர் என்று வழங்கினார்கள். பாரசீகத்திலும் வட இந்தியாவிலும் அதுவே சிக்கந்தர் ஆனது. ஒரு மொழியின் இலக்கணம் வேறொரு மொழியின் பெயரைத் தன் போக்கில் பிரித்துப் படித்ததன் விளைவு இது.

முஹம்மத் என்ற பெயர் இத்தனை விதமாக எழுதப்படுவதற்குக் காரணம் எழுத்துமுறையிலேயே இருக்கிறது. அரபு எழுத்தில் அது மீம், ஹா, மீம், தால் என்ற நான்கு மெய்கள்தாம். குற்றுயிர்கள் வழக்கமாக எழுதப்படுவதில்லை. அவற்றை எழுதியே தீரவேண்டிய எழுத்துமுறைக்குப் பெயர் மாறும்போது, அந்தந்த வட்டாரத்தின் உச்சரிப்பே உயிரைத் தீர்மானிக்கிறது. துருக்கியில் மெஹ்மெத், மேற்கு ஆப்பிரிக்காவில் மமாது என்றெல்லாம் அது வாழ்வது இப்படித்தான்.

எழுத்துக்கூட்டலைச் சட்டமும் வரையறுக்கிறது. 1928ஆம் ஆண்டில் துருக்கி இலத்தீன் எழுத்துகளை ஏற்றுக்கொண்டபோது கியூ, டபிள்யூ, எக்ஸ் ஆகிய மூன்றும் சேர்க்கப்படவில்லை. அவற்றைக் கொண்ட குர்திய மொழிப் பெயர்களைப் பதிவுசெய்ய முடியாமல் பெற்றோர் நெடுங்காலம் அல்லல்பட்டார்கள். ஐஸ்லாந்தில் புதிய பெயரொன்று அம்மொழியின் வேற்றுமை உருபுகளை ஏற்குமா என்று பார்ப்பதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. மொழியைக் காக்கும் நோக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் குழந்தைக்குத் தாய்மொழியில் பெயரிடும் உரிமையை மூன்று எழுத்துகளுக்காக மறுத்தது நியாயமென்று என்னால் ஏற்க முடியவில்லை.

இன்று ஏறக்குறைய எல்லோரையும் தொடுவது கடவுச்சீட்டு. அதன் விவரப் பக்கத்தின் அடியில், இயந்திரம் படிப்பதற்கான இரண்டு வரிகளில், பெயருக்குக் கிடைப்பவை 39 இடங்கள். அவற்றிலும் ஆங்கிலத்தின் 26 பெரிய எழுத்துகளுக்கும் இடைவெளியைக் காட்டும் ஒரு குறிக்கும் மட்டுமே இடமுண்டு. ஆகவே யூர்கன் என்ற ஜெர்மானியரின் பெயர், மேலே 'யூ' எழுத்தின் தலையில் இரண்டு புள்ளிகளோடு இருக்கும். கீழே புள்ளிகளை இழந்து, பக்கத்தில் 'ஈ' என்ற எழுத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கும். ஒரே பக்கத்தில் ஒரே மனிதருக்கு இரண்டு எழுத்துக்கூட்டல்கள், இரண்டும் சரியானவை. பயணச்சீட்டிலோ வங்கிக் கணக்கிலோ ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று ஒருவரைத் திருப்பி அனுப்புவதற்கு முன்னால், அலுவலர் அந்த இரண்டு வரிகளையும் ஒருமுறை படித்துப் பார்க்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.