திருவோணத்தின் பக்கத்தில்

நேற்று ராத்திரி அல்சூர் வீட்டு மொட்டை மாடி. மேகம் விலகியதும் மகளுக்குத் திருவோண நட்சத்திரத்தைக் காட்டினேன். அதே கழுகு மண்டலத்தில்தான், கண்ணுக்கே தெரியாமல், எனக்கு ரொம்பப் பிடித்த பல்சர் இருக்கிறது. பல்சர் என்றால், செத்த நட்சத்திரத்தின் மிச்சம்; வேகமாகச் சுழன்றபடி சுற்றுக்கொரு ரேடியோ துடிப்பு அனுப்பும்.

1974இல் ஹல்ஸ், டெய்லர் என்ற இரு வானியலாளர்கள் கண்டுபிடித்தது. நொடிக்கு 17 சுற்று. ஆனால் துடிப்புகளின் இடைவெளி ஒரே சீராக இல்லை, கூடிக் குறைந்தது. நம் பக்கம் வரும்போது துடிப்புகள் நெருங்கும், விலகிப் போகும்போது தள்ளித் தள்ளி வரும். அதை வைத்தே கூடவே இன்னொரு நட்சத்திரம் இருப்பதைப் பிடித்துவிட்டார்கள். எவ்வளவு பொறுமை வேண்டும்!

ஒன்றையொன்று சுற்ற ஏழே முக்கால் மணி நேரம். ஈர்ப்பலைகளாக, அதாவது வெளியில் பரவும் ஈர்ப்பின் அலைகளாக, ஆற்றல் கசிவதால் இரண்டும் நெருங்கி வருகின்றன; அந்த நேரமும் ஆண்டுக்கு 76 மைக்ரோநொடி (நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் 76 பங்கு) குறைகிறது. ஐன்ஸ்டீன் கணக்கு சொன்னபடியே.

"அப்போ ஒருநாள் மோதிக்குமாப்பா?"

"மோதும்டா கண்ணு. இன்னும் 30 கோடி வருஷம் இருக்கு."