ஊட்டம் தொடங்கியதும் இறங்கும் பாஸ்பேட்: வார்டில் நாங்கள் கையாளும் விதம்

பல நாள் சாப்பிடாமல் கிடந்த நோயாளிக்கு முதல் நாள் ரத்தத்தில் பாஸ்பேட் (உடலுக்குத் தேவையான ஒரு தாது உப்பு) 3.2 மி.கி./டெ.லி. என்று இயல்பாக வந்தால் நாங்கள் அதை நம்புவதில்லை. உடலின் கையிருப்பு தீர்ந்திருந்தாலும் ரத்தத்தில் அளவு சரியாகவே காட்டலாம். டியூப் வழியாகவோ சிரை வழியாகவோ மாவுச்சத்து போனதும் இன்சுலின் ஏறும். குளுக்கோஸோடு பாஸ்பேட்டும் செல்லுக்குள் போய்விடும். சரிவு பெரும்பாலும் முதல் 72 மணி நேரத்துக்குள் தெரியும்.

அதனால் ஊட்டத்துக்கு முன்பே தயமின் (வைட்டமின் B1) 100 மி.கி. கொடுத்துவிடுகிறோம். முதல் நாள் கிலோவுக்கு 10 கலோரி போதும். டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) டிரிப்பையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் (பலரும் கோட்டை விடுவது இங்கேதான்): 5% டெக்ஸ்ட்ரோஸ் ஒரு லிட்டரில் 170 கலோரி இருக்கிறது.

பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றையும் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்கிறோம். பாஸ்பேட் 2 மி.கி./டெ.லி.க்குக் கீழே போனால் கலோரியை 48 மணி நேரம் குறைத்து வைக்கிறோம். ஃபீடை அதே வேகத்தில் ஓட்டிக்கொண்டு பாஸ்பேட்டை மட்டும் ஏற்றுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

அளவு: நடுத்தரக் குறைவுக்குக் கிலோவுக்கு 0.16 முதல் 0.32 மி.மோல் (மில்லிமோல்) பாஸ்பேட், ரத்த அளவு 1 மி.கி./டெ.லி.க்குக் கீழே என்றால் 0.64 வரை. 50 கிலோ நோயாளி, பாஸ்பேட் 1.4, பொட்டாசியம் 3.3 என்று வைத்துக்கொள்வோம். பொட்டாசியம் பாஸ்பேட் 15 மி.மோலை 250 மி.லி. சலைனில் கலந்து 4 முதல் 6 மணி நேரம் ஓட்டலாம். ஒரு மி.லி.க்கு 3 மி.மோல் உள்ள மருந்தானால் அது 5 மி.லி.; கூடவே 22 மில்லி ஈக்குவிவலன்ட் (mEq, உப்பை அளக்கும் அலகு) பொட்டாசியமும் போகிறது. இந்த இரண்டாவது எண்ணை ஆர்டரில் எழுதாமல் விட்டால், தனியாக ஓடும் பொட்டாசியத்தோடு சேர்ந்து இதயத் துடிப்பைக் குலைக்கும். பொட்டாசியம் 4க்கு மேல் இருந்தால் சோடியம் பாஸ்பேட். சிறுநீரகம் பழுதென்றால் பாதி அளவு. எதுவானாலும் மணிக்கு 7 மி.மோலைத் தாண்டுவதில்லை, வேகமாகப் போனால் கால்சியம் சரியும்.

கால்சியம் குளுக்கோனேட்டை அதே லைனில் விடவே கூடாது, படிவு உண்டாகும். வாய்வழி பாஸ்பேட் லேசான குறைவுக்கு உதவும். ஆனால் வயிற்றுப்போக்கு வந்தால் கொடுத்த பலன் போய்விடும்.

டிரிப் முடிந்து 2 முதல் 4 மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்கிறோம், டிரிப் ஓடாத கையிலிருந்து. மாதிரி சிவந்து ஹீமோலைஸ் ஆகியிருந்தால் (சிவப்பணுக்கள் உடைந்திருந்தால்) பாஸ்பேட் உண்மையைவிட அதிகமாகக் காட்டும்; அந்த முடிவை வைத்து அடுத்த டோஸை நிறுத்தாமல் புதிதாக அனுப்புகிறோம்.