புடைப்பு லெட்டர்ஹெட்டும் லேசர் பிரிண்டரும்

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டக் கோயில், சங்கக் கடிதங்களுக்குப் புடைப்புத் தாள் (பெயரும் சின்னமும் மேடாக நிற்கும் லெட்டர்ஹெட்) வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. லேசர் பிரிண்டரில் விடும் முன் தாளின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். குழி தட்டுப்பட்டால் அது அச்சு வைத்துத் தாளையே அழுத்திப் புடைத்தது. லேசரில் கொஞ்சம் தட்டையாகும், அவ்வளவுதான். மேனுவல் டிரேயில் ஒவ்வொன்றாக விடுங்கள், பிரிண்டருக்குப் பின்கதவு இருந்தால் திறந்து வையுங்கள். புடைப்பின் மேல் எழுத்து விழக்கூடாது, டோனர் (லேசரின் மைத்தூள்) பிடிக்காது.

பின்பக்கம் சமமாக இருந்து முன்னால் மட்டும் மை மேடாக நின்றால் அது பிசின் தூளை உருக்கிய மை. லேசர் பக்கமே போகாதீர்கள்! டோனரைச் சூட்டால் தாளில் ஒட்டவைக்கும் ஃபியூசர் உருளை 200 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சுடும்; மை இளகி உருளையில் அப்பிக்கொண்டு அடுத்தடுத்த தாளிலெல்லாம் கறை விழும். இதற்கு இங்க்ஜெட்தான்.

நம்ம ஊர் ஈரத்துக்குத் தாள் சுருளும், பாக்கெட்டை முன்கூட்டியே பிரிக்காதீர்கள். தாளை அழுத்திப் புடைக்கும் கம்பெனி முத்திரையா? கடிதத்தை அடித்த பிறகு குத்துங்கள்.