மதிப்பெண் பட்டியலில் நான் தேடிப் பார்ப்பவை

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த வாரத்தில், உறவினர்களும் பழைய மாணவிகளும் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பிள்ளை இவ்வளவு மார்க் எடுத்திருக்கிறாள், பி.எஸ்சி. நர்சிங்கில் சேர்த்தால் தாக்குப்பிடிப்பாளா?" செவிலியர் கல்லூரியில் பல ஆண்டுகளாக முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுத்துவரும் எனக்கு, சேவை மனம் இருந்தால் போதும், மதிப்பெண்ணில் ஒன்றுமில்லை என்று ஆறுதலாகச் சொல்லிவிட மனம் வருவதில்லை. மதிப்பெண்ணில் விஷயம் இருக்கிறது. ஆனால் 600-க்கு எவ்வளவு என்ற கூட்டுத்தொகையில் அது தெரிவதில்லை.

இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகிய பாடங்களோடு பிளஸ் டூ தேர்ச்சியும், பொதுப் பிரிவினருக்கு முதல் மூன்று பாடங்களிலும் சேர்த்து 45 விழுக்காடு மதிப்பெண்ணும் இருந்தால் இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிப்படி சேரத் தகுதி உண்டு. ஆனால் முதல் பருவத்திலேயே உடற்கூறியலும் உடலியங்கியலும், அடுத்த பருவத்தில் உயிர்வேதியியலும் வந்துவிடுகின்றன. வேதியியலையும் உயிரியலையும் புரிந்து படித்த பிள்ளைக்கு அயனி, நொதி, சவ்வூடு பரவல் போன்றவை முன்பே அறிமுகமானவை. மனப்பாடத்தில் கரையேறிய பிள்ளையோ பழைய பாடத்தையும் புதிய பாடத்தையும் ஒரே நேரத்தில் படிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே நான் முதலில் பார்ப்பது இவ்விரண்டு பாடங்களைத்தான், அவற்றிலும் எழுத்துத் தேர்வுக்கு உரிய 70-ஐ மட்டும்தான். செய்முறைக்கான 20-ம் அகமதிப்பீட்டுக்கான 10-ம், நான் பார்த்த வரையில், பெரும்பாலோருக்கு ஏறக்குறைய முழுதாகவே கிடைத்துவிடுகின்றன.

பட்டியலில் இல்லாத ஒரு பாடம்தான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. நர்சிங் சேர்க்கைக்குக் கணிதம் கட்டாயமில்லை என்பதால், தாவரவியல், விலங்கியல் எனத் தனித்தனியாகப் படிக்கும் பிரிவிலிருந்து வரும் பிள்ளைகள் பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டுவிட்டே எங்களிடம் வருகிறார்கள். ஒருமுறை செய்முறைக் கூடத்தில், 500 மில்லி லிட்டர் சலைனை நான்கு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், இந்த செட்டில், அதாவது சலைன் ஏற்றும் குழாயில், ஒரு மில்லி லிட்டருக்கு 20 சொட்டு, நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விட வேண்டும் என்று கேட்டேன். இதயத்தின் வால்வுகளை ஒன்றுவிடாமல் வரைந்து பெயர் குறிக்கக்கூடிய, வகுப்பிலேயே அதிக மதிப்பெண்ணோடு சேர்ந்த மாணவி, சூத்திரத்தைச் சரியாக எழுதிவிட்டு, நான்கு மணி நேரத்தை நிமிடமாக மாற்றாமல் நான்காலேயே வகுத்து, 2500 என்று விடை சொன்னாள். 240-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 42 வரும். கணக்குத் தவறியதைவிட, நிமிடத்துக்கு 2500 சொட்டு எந்தக் குழாயிலும் விழாது என்பது அவளுக்கு உறைக்கவில்லையே என்பதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. அன்று மாலை அவளை ஸ்டாண்டின் பக்கத்தில் நிறுத்தி, கடிகாரத்தைப் பார்த்தபடி, சொட்டைக் கூட்டிக் குறைக்கும் ரோலரை நகர்த்தி, 15 விநாடிக்குப் பத்து, பதினொன்று என்று எண்ண வைத்தேன். அதன் பிறகு எந்த விடையையும் ஒருமுறை யோசித்துப் பார்க்காமல் அவள் சொன்னதில்லை.

தமிழ் வழியில் படித்து வருபவர்களின் மதிப்பெண்ணை வேறு விதமாகப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பொருள் தெரிந்திருந்தும் ஆங்கிலத்தில் எழுத வராமல், கல்லூரியிலேயே நடக்கும் முதல் இன்டர்னல் தேர்வில் சறுக்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி வந்த ஒரு மாணவியின் உடற்கூறியல் புத்தகத்தில், ஒவ்வொரு வரிக்கும் மேலே பென்சிலால் பொடி எழுத்தில் தமிழ் அர்த்தம் எழுதப்பட்டிருந்தது. பக்கங்கள் போகப் போக எழுத்துகள் குறைந்து, நூறாவது பக்கத்துக்குப் பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தன. உடலியங்கியலில் அரியர் வைத்து, அடுத்த வாய்ப்பில் எழுதித் தேறினாள். அவளுடைய பிளஸ் டூ பட்டியலை வைத்து இந்த உழைப்பை யாரும் கணித்திருக்க முடியாது.

வார்டு போஸ்டிங் தொடங்கிய பிறகு பழைய மதிப்பெண்ணின் பிடி தளர்ந்துவிடுகிறது. ஊசி குத்திய இடம் வீங்கியிருப்பதைப் பார்த்து உடனே சொல்வது, காய்ச்சல் அளவை அந்த நேரத்திலேயே சார்ட்டில் குறிப்பது, டியூட்டி மாறும்போது ஒன்றையும் விடாமல் ஒப்படைப்பது ஆகியவற்றைப் பள்ளித் தேர்வு எதுவும் சோதித்ததில்லை. என்றாலும் மருந்தியலும் நோய்க்கூறியலும் மூன்றாம் பருவத்திலேயே வந்துவிடுவதால், முதல் ஆண்டு அரியர்களைச் சுமந்துகொண்டு வார்டில் நிற்பவர் சோர்ந்துபோகிறார் என்பதையும் மறைக்கக் கூடாது.

ஆகவே தொலைபேசியில் கேட்பவர்களிடம், கவுன்சலிங்குக்குக் காத்திருக்கும் வாரங்களில் பிள்ளையைத் தினமும் ஆங்கில உயிரியல் புத்தகத்தில் ஒரு பக்கம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், எட்டாம் வகுப்புக் கணக்கிலிருந்து விகிதமும் அலகு மாற்றமும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் என்கிறேன். சேர்ந்த பிறகு முதல் இன்டர்னல் விடைத்தாள் கைக்கு வந்ததும் மறுபடி அழைக்கச் சொல்கிறேன். அப்போதுதான் என்னால் உருப்படியாக ஏதாவது சொல்ல முடிகிறது.