சினூக்கை உட்கார வைத்த ஓ-ரிங்

சென்னை லிங்கி செட்டி தெருவில் ஆயில் சீல், ஓ-ரிங் (இணைப்புகளில் கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்), காஸ்கெட் விற்கிறவன் நான். ராணுவ ஹெலிகாப்டருக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் 2022 ஆகஸ்டில் வந்த ஒரு செய்தி எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு லேசில் மறக்காது. அமெரிக்கத் தரைப்படை தன்னிடமிருந்த சுமார் 400 சினூக் ஹெலிகாப்டர்களையும் பறக்க விடாமல் நிறுத்திவிட்டது. எரிபொருள் கசிந்து சில எஞ்சின்களில் தீப்பிடித்திருந்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. காரணம் தேடிப் போனால், ஓ-ரிங்!

சினூக் சாமானியப்பட்டதில்லை. சுமையோடு சேர்த்து ஏறத்தாழ 22 டன் வரை எழும்பும். பீரங்கியைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு போய் மலைமேல் வைத்துவிட்டு வரும். அதன் இரண்டு டி-55 எஞ்சின்களைச் செய்வது ஹனிவெல். தங்கள் வடிவமைப்புக்குப் பொருந்தாத ரிங்குகள் ராணுவப் பணிமனையில் வழக்கமான பராமரிப்பின்போது சில எஞ்சின்களில் மாட்டப்பட்டிருக்கின்றன, அவை தங்களிடமிருந்து போனவை அல்ல என்று அந்த நிறுவனம் விளக்கம் சொன்னது.

இதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. கடைக்கு வருகிற பையன் பழைய ரிங்கை மேசையில் போட்டு, "அண்ணே, இதே சைஸ்ல ரெண்டு குடுங்க" என்பான். எதுக்குப்பா, டீசலா தண்ணியா, சூடு எவ்வளவு என்று கேட்டால் முகம் சுளிப்பான். சைஸ் ஒன்றாக இருக்கும், ரப்பர் வேறு. நைட்ரைல், வைட்டான், ஈபிடிஎம் மூன்றுமே கறுப்பில் வரும். ஈபிடிஎம் தண்ணீருக்கும் நீராவிக்கும் அருமையான சரக்கு. மண்ணெண்ணெயில் போட்டால் ஊறி உப்பிவிடும். ஜெட் எரிபொருளும் மண்ணெண்ணெய் வகைதான். நைட்ரைல் எண்ணெய்க்குத் தாங்கும், ஆனால் 100 டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் கிடந்தால் விறைத்து வெடிப்பு விடும். வைட்டான் 200 டிகிரி வரை போகும். கை நிறைய அள்ளினால் கனம் தெரியும், பில் போட்டால் விலையும் தெரியும். (கொளுத்திப் பார்த்துக் கண்டுபிடிக்கிறவர்களும் உண்டு. வைட்டான் புகை விஷம், அந்த வேலையே வேண்டாம்.)

விமானத்துக்குப் போகிற ரிங் தனி உறையில் வரும். பார்ட் நம்பர், பேட்ச், ரப்பரை வேகவைத்த காலாண்டு எல்லாம் அதன்மேல் அச்சாகியிருக்கும். உறையைக் கிழித்து டப்பாவில் கொட்டினால் அது வெறும் கறுப்பு ரிங். காசு அந்த உறைக்குத்தான் என்று நான் சொல்வேன். சந்தேகத்துக்குரிய ரிங் 70-க்கும் மேற்பட்ட சினூக்குகளில் இருக்கலாம் என்று செய்தி வந்தது. எஞ்சின் மூடியிருக்கும்போது எதற்குள் எது என்று எட்டிப் பார்த்தா சொல்ல முடியும்? பராமரிப்புப் பதிவைப் புரட்ட வேண்டும். அதுவரை அத்தனையும் தரையில் நிற்க வேண்டியதுதான்.

நம் விமானப்படையிடம் 15 சினூக்குகள் இருக்கின்றன. முதல் தொகுதி 2019 மார்ச்சில் சண்டிகரில் சேர்ந்தது. அமெரிக்கச் செய்தி வந்ததும் சினூக்கைச் செய்யும் போயிங்கிடம் விவரம் கேட்டார்கள். ஆனால் இங்கே பறப்பதை நிறுத்தவில்லை.

அதே சண்டிகரில் இருந்த எம்ஐ-26 ஹெலிகாப்டரின் கதை வேறு. 20 டன் தூக்கும் ராட்சசன் அது. உடம்பு ரஷ்யாவின் ரஸ்தோவில் செய்தது, எஞ்சின் உக்ரைனின் சாப்பொரீஷியாவில் செய்தது. 2014-இல் உக்ரைன் ரஷ்யாவுக்கு ராணுவத் தளவாடம் அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. பார்ட் நம்பர் சரியாக இருந்தாலும் ஆர்டரை யாருக்குப் போடுவது, சொல்லுங்கள்.