இந்த ஆடுகள் என்ன செய்தன?

எபிரேய வேதத்தில் (கிறிஸ்தவர்களின் பழைய ஏற்பாடு) தெய்வ தண்டனை நியாயமா என்ற பேச்சு வந்தால் எல்லோரும் நோவாவின் வெள்ளத்துக்கும் சோதோமுக்கும் போவார்கள். அங்கே குற்றவாளி யார் என்று கதையே சொல்லிவிடும். தொண்டையில் சிக்குவது 2 சாமுவேல் புத்தகத்தின் 24-ஆம் அதிகாரம். இஸ்ரவேலின் ராஜா தாவீது ஜனத்தொகை எடுக்கிறான், அதற்குத் தண்டனையாக 70,000 பேர் கொள்ளைநோயில் சாகிறார்கள்.

முதல் வசனத்தையே நிதானமாகப் படியுங்கள். கர்த்தருடைய கோபம் இஸ்ரவேலின்மேல் மூண்டது, தொகை எடுக்கத் தாவீது ‘ஏவப்பட்டான்’ என்கிறது பழைய தமிழ் மொழிபெயர்ப்பு. ஏவியது யார்? செயப்பாட்டுவினை அதை மூடிவிடுகிறது. எபிரேயத்தில் இருப்பது செய்வினை: ‘வய்யாசெத்’, ஏவினார். வாக்கியப்படி எழுவாய் கர்த்தர், அல்லது அவருடைய கோபம். இதே கதையைப் பிற்பாடு திரும்பச் சொல்லும் 1 நாளாகமம் 21 அதே வினைச்சொல்லை வைத்துக்கொண்டு எழுவாயைச் சாத்தான் ஆக்குகிறது. நமக்குள்ள உறுத்தல் அந்த ஆசிரியருக்கும் இருந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

வழக்கமான சமாதானம் யாத்திராகமம் 30:12. தலை எண்ணும்போது ஆளுக்கு அரைச் சேக்கல் மீட்புப்பணம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வாதை. தாவீது அதை வாங்கவில்லை என்பார்கள். சாமுவேல் புத்தகம் அந்த அரைச் சேக்கலைப் பற்றி மூச்சே விடவில்லை. அப்படியே இருந்தாலும், வாங்காமல் விட்டது ராஜா. எண்ணப்பட்டவன் ஏன் சாக வேண்டும்? ஜனங்களும் ஏதோ பாவம் செய்திருப்பார்கள் என்றால், என்ன பாவம் என்று வசனம் சொல்லவில்லை.

இதை அளக்க வெளியிலிருந்து அளவுகோல் வேண்டாம். அவனவன் பாவத்துக்கு அவனவன்தான் சாக வேண்டும் என்கிறது உபாகமம் 24:16. அது மனித நீதிமன்றத்துக்கு மட்டும் என்று பிரிப்பவர்கள் எசேக்கியேல் 18-ஐப் படிக்க வேண்டும். பாவம் செய்கிற ஆத்துமாவே சாகும் என்று அங்கே கடவுளே தம்மைப் பற்றி வாதாடுகிறார். வேதத்தின் சொந்த அளவிலேயே இந்தத் தண்டனை நிற்காது என்பது என் முடிவு.

ஒன்றைத் தெரிந்துகொள் என்று தீர்க்கதரிசி காத் தாவீதிடம் கொண்டுவரும் மூன்று தண்டனைகளையும் பாருங்கள்: 7 வருடப் பஞ்சம் (நாளாகமத்தில் 3), எதிரிக்கு முன் 3 மாத ஓட்டம், 3 நாள் கொள்ளைநோய். ராஜாவின் தலையில் நேராக விழுவது ஓட்டம் ஒன்றுதான். மனுஷர் கையில் விழமாட்டேன் என்று தாவீது ஒதுக்குவதும் அதைத்தான்.

எபூசியன் அர்வனாவின் போரடிக்கும் களத்தருகே, ஜனங்களைச் சாகடிக்கும் தூதனைக் கண்ட பிறகே ஜனங்களுக்காக அவனுக்கு வாய் திறக்கிறது: பாவம் செய்தது நான், இந்த ஆடுகள் என்ன செய்தன? அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. காத் திரும்ப வந்து, அந்தக் களத்தில் பலிபீடம் கட்டு என்கிறான். களத்தையும் மாடுகளையும் தாவீது 50 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறான்.