தாழ்த்திய போலோவுக்கு ஷாக் அப்சார்பர் தேடிய கதை

என் கைக்கு வரும்போதே தாழ்த்தப்பட்டிருந்த கார் அது. 2014-இல் பதிவான, 1.5 லிட்டர் டீசல் என்ஜின் கொண்ட ஃபோக்ஸ்வாகன் போலோ. முந்தைய உரிமையாளர் காரின் உயரத்தைக் குறைக்கும் லோயரிங் ஸ்பிரிங் போட்டிருந்தார் என்ற வாய்மொழித் தகவலைத் தவிர, சஸ்பென்ஷனைப் பற்றி எந்த ரசீதும் கிடைக்கவில்லை. சென்னையில் ஒரு மழைக்காலம் ஓடி முடித்தபோது முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் கசிந்திருந்தது. பின்பக்கம் கசிவு இல்லையென்றாலும், வேகத்தடையைக் கடந்த பிறகு காரின் பின்புறம் மீண்டும் ஒருமுறை துள்ளிவிட்டுத்தான் நின்றது. மாற்றியாக வேண்டும் என்பதில் ஐயமில்லை. எதைப் போடுவது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சாக இருந்தது.

விசாரித்தவர்களில் பெரும்பாலோர் முதலில் சொன்னது ஒரு பிராண்டின் பெயர். கயாபா போடுங்கள், கோனி போடுங்கள், பில்ஸ்டீன் இருக்கும்போது வேறென்ன வேண்டும் என்றார்கள். கார் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, அதில் இப்போது என்ன ஸ்பிரிங் இருக்கிறது என்று திருப்பிக் கேட்டவர்கள் மிகச் சிலரே. தாழ்த்திய காருக்கு இந்த இரண்டு கேள்விக்கும் விடை தெரியாமல் ஷாக் வாங்குவது, காலை அளக்காமல் செருப்பு வாங்குவதைப் போன்றதுதான்.

ஆகவே முதலில் அளந்தேன். தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் காற்றழுத்தமும் கணக்கைக் கெடுத்துவிடும் என்பதால், சக்கரத்தின் நடு மையத்திலிருந்து அதற்கு நேர் மேலே சக்கரத்தை மூடியிருக்கும் தகடான ஃபெண்டரின் விளிம்பு வரை அளப்பதே முறை. அதே ஆண்டைச் சேர்ந்த, அதே என்ஜின் கொண்ட, கம்பெனி ஸ்பிரிங்குடன் ஓடும் நண்பரின் போலோவைச் சமதளத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டபோது, என் கார் முன்பக்கம் 38 மில்லிமீட்டரும் பின்பக்கம் 52 மில்லிமீட்டரும் தாழ்ந்திருந்தது. பின்பக்கம் இவ்வளவு அதிகமாகத் தாழ்ந்திருந்ததன் காரணம் சக்கரத்தைக் கழற்றியதும் விளங்கிவிட்டது. முன்னால் இருந்தது எண் அழிந்துபோன ஏதோ ஒரு லோயரிங் ஸ்பிரிங். பின்னால் இருந்ததோ கம்பெனி ஸ்பிரிங்கையே கட்டிங் வீலால் அறுத்துக் குட்டையாக்கியது. அறுத்த முனை நெருக்கமாக வளைந்து தட்டையாக முடியாமல் திறந்த சுருளாக நின்று, ரப்பர் இருக்கையைக் கடித்துக் குழி விழச் செய்திருந்தது.

ஸ்பிரிங்கை அறுத்தால் சுருள்களின் எண்ணிக்கை குறைந்து அது விறைப்பாகும் என்பது உண்மையே. ஆனால் காரை ஜாக்கியில் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது, முழு நீள ஷாக் அப்சார்பர் நீண்டுவிட, குட்டை ஸ்பிரிங் இறுக்கமின்றித் தளர்ந்து இருக்கையிலிருந்து நகரும். பஞ்சருக்காகத் தூக்கி இறக்கிய பிறகு என் காரின் பின்பக்கத்தில் கேட்ட ‘டக்’ ஓசைக்கு இதுவே காரணம். பின் ஸ்பிரிங்குகளைக் கழித்துக்கட்டுவது என்று அப்போதே முடிவாயிற்று.

அடுத்து, ஷாக்கின் தண்டு இன்னும் எவ்வளவு உள்ளே போக இடமிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டியிருந்தது. இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. தூசி உறையை மேலே தூக்கிவிட்டு, தண்டைச் சுற்றி, வயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் டை ஒன்றை இறுக்கி, அதை ஷாக்கின் மேல் விளிம்போடு ஒட்டித் தள்ளிவிட்டு, வழக்கமாகச் செல்லும் சாலையில் ஓட்டி வந்தால் போதும். ஷாக் எவ்வளவு அமுங்கியதோ அந்த உயரத்துக்கு டை மேலேறி நிற்கும். என் காரின் முன்பக்கத்தில் டை ஏறியதோடு நிற்காமல், பம்ப் ஸ்டாப் எனப்படும் மஞ்சள் நுரைக் கட்டையின் அடியில் அழுந்திப் பள்ளமே ஏற்படுத்தியிருந்தது. கார் சும்மா நிற்கும்போதே பம்ப் ஸ்டாப்புக்கும் ஷாக்குக்கும் இடையில் 15 மில்லிமீட்டர்கூட இல்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் எடையைத் தாங்கியது ஸ்பிரிங் அல்ல, அந்த நுரைக்கட்டை. இந்நிலையில் எவ்வளவு விலையுயர்ந்த ஷாக்கைப் போட்டாலும், அது கம்பெனி நீளத்தில் இருக்குமானால் அதே கட்டையில் போய் முட்டத்தான் செய்யும்.

சாலைகளுக்கான நெறிமுறைகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் 1988-இல் வெளியிட்ட 99-ஆம் நெறிமுறை, வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மென்மையான வளைவாக இருக்க வேண்டும் என்றது. எங்கள் தெருவாசிகள் இரவோடு இரவாகச் சிமெண்டில் எழுப்பிய தடைகளுக்கு அகலம் ஒரு முழம்கூட இராது. ஆகவே புதிய ஏற்பாட்டில் காரை 30 மில்லிமீட்டருக்கு மேல் தாழ்த்துவதில்லை, முன்னும் பின்னும் சமமாகவே இருக்க வேண்டும் என்று எல்லை வகுத்துக்கொண்டேன்.

அந்த எல்லைக்குள் நின்று பார்த்தபோது பட்டியல் தானாகவே சுருங்கியது. பழைய வாகனப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கிடைக்கும் ரீகண்டிஷன் ஷாக்குகளை முதலிலேயே விலக்கினேன். உள்ளே என்ன எண்ணெய், என்ன வால்வு என்று எவராலும் சொல்ல முடியாத பொருளைத் தாழ்த்திய காரில் போடுவதற்கில்லை. ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாக அமைந்து, உயரத்தைத் திருகி மாற்றும் காயில்ஓவர் கவர்ச்சியானதுதான். ஆனால் தேங்கிய மழைநீரிலும் கடற்காற்றிலும் ஓடும் காரில் அதன் மரைகள் துருப்பிடித்து இறுகிவிடும். ஒருமுறை உயரம் வைத்துவிட்டு அதன்பின் தொடவே போவதில்லை என்றிருந்த எனக்கு அந்த வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்க மனம் வரவில்லை. கோனியின் ஸ்பெஷல் ஆக்டிவ் வரிசை சின்னச் சின்ன அதிர்வுகளில் மென்மையாகவும் பெரிய அசைவுகளில் விறைப்பாகவும் நடந்துகொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது; காரைக் கம்பெனி உயரத்துக்கே மீட்டுவிட நினைத்திருந்தால் நான் அதைத்தான் வாங்கியிருப்பேன்.

பில்ஸ்டீனில் எண்களின் பொருளைத் தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போகக் கூடாது. பி4 கம்பெனி ஷாக்குக்கு நேர் மாற்று. பி6 அதே நீளத்தில், கூடுதல் விறைப்போடு வரும் ஒற்றைக்குழாய் ஷாக். பி8 என்பது பி6-ஐக் குட்டையாக்கி, லோயரிங் ஸ்பிரிங்குக்கென்றே செய்தது. பி8-உடன் ஐபாக் நிறுவனத்தின் ப்ரோ-கிட் ஸ்பிரிங்கைச் சேர்த்துத் தருவது பி12. தாழ்த்திய காருக்குப் பி6 வாங்கிப் போட்டுவிட்டு ‘பில்ஸ்டீன் ரொம்ப முரடு’ என்று அலுத்துக்கொள்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களுடைய காரிலும் நுரைக்கட்டைதான் அடி வாங்கிக்கொண்டிருக்கும் என்பது என் ஊகம்.

ஸ்பிரிங்குக்கும் ஷாக்குக்கும் உள்ள பொருத்தத்தில் ஓர் எளிய கணக்கும் உண்டு. தேவைப்படும் தணிப்பு, அதாவது துள்ளலை ஷாக் அடக்கும் அளவு, ஸ்பிரிங்கின் விறைப்புக்கு நேர்விகிதத்தில் அல்லாமல் அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே கூடுகிறது. ஸ்பிரிங் 30 சதவீதம் விறைப்பானால் ஷாக் ஏறத்தாழ 14 சதவீதம் விறைப்பானால் போதும். மிதமான லோயரிங் ஸ்பிரிங்குக்குப் பந்தய ஷாக் எதுவும் தேவையில்லை, அதே சமயம் தேய்ந்துபோன கம்பெனி ஷாக்கும் ஈடுகொடுக்காது என்பதை இந்தக் கணக்கிலிருந்தே புரிந்துகொள்ளலாம். இறுதியில் பி8-உம் ப்ரோ-கிட்டும் என்று முடிவு செய்தேன்.

ஆனால் பெயர் முடிவானதும் வேலை முடிந்துவிடவில்லை. ஒரே போலோவிலும் என்ஜினைப் பொறுத்து முன் அச்சின் எடை மாறுகிறது. மூன்று சிலிண்டர் பெட்ரோல் காருக்கான ஸ்பிரிங்கை டீசல் காரில் போட்டால் மூக்கு குத்திக்கொண்டு நிற்கும். ஃபோக்ஸ்வாகன் கார்களில் டிக்கிக்குள் ஒட்டப்பட்டுள்ள வில்லையிலும் சர்வீஸ் புத்தகத்திலும் மூன்றெழுத்துக் குறியீடுகள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். அவற்றில் ஒன்று முன் அச்சின் எடை வகையைக் குறிப்பது. அதைக் குறித்து அனுப்பிய பிறகே ஆர்டர் எடுக்குமாறு விற்பனையாளரிடம் சொன்னேன். மேலும், இங்கே விற்ற போலோ நம் சாலைகளுக்காகச் சற்று உயர்த்தப்பட்டது. ஐரோப்பியப் பட்டியலில் 30 மில்லிமீட்டர் தாழும் என்று போட்டிருந்தாலும் அது ஐரோப்பிய உயரத்திலிருந்து எண்ணிய கணக்கு. இங்கே அதைவிட அதிகமாகத் தாழும். என் எல்லை 30 என்பதால், பட்டியலில் அதைவிடக் குறைவாகத் தாழ்த்தும் ஸ்பிரிங்கையே கேட்டு வாங்கினேன். பெட்டி வந்ததும் ஷாக்கின் உடலில் பொறித்திருந்த எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டு, தண்டு முழுதாக நீண்ட நிலையில் பழையதோடு பக்கத்தில் வைத்து அளந்து பார்த்த பிறகுதான் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன்.

அதோடு முன்பக்க ஸ்ட்ரட்டின் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) மேல் மவுண்ட், பேரிங், தூசி உறைகள், ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய நட்டுகள், வளைவுகளில் கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி-ரோல் பாரின் லிங்குகள் ஆகியவற்றையும் புதிதாக வாங்கினேன். ஷாக்கைக் கழற்றும் கூலியில்தான் இவையும் மாறப்போகின்றன. பழைய மவுண்ட்டை அப்படியே விட்டால் ஆறு மாதத்தில் மறுபடியும் அதே கூலி.

பொருத்தும்போது இரண்டு இடங்களில் பக்கத்திலேயே நின்றேன். முன் ஸ்ட்ரட் சக்கரத் தாங்கியின் பிளவுபட்ட கவ்விக்குள் இறுக்கமாக அமர்ந்திருக்கும். அந்தப் பிளவை விரிப்பதற்கென்றே சாவி போன்ற ஒரு கருவி உண்டு. உளியை வைத்துச் சுத்தியலால் அடித்தால் கவ்வியில் விரிசல் விட வாய்ப்புண்டு என்பதால், அந்தச் சாவி இருக்கும் பட்டறையாகத் தேடியே போயிருந்தேன். இரண்டாவது, சக்கரத்தைக் கீழ்ப்பக்கத்தில் காரோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டுகள். சக்கரம் தொங்கும் நிலையில் இவற்றை இறுக்கிவிட்டால், காரை இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும். மெக்கானிக் லோயர் ஆர்மின் கீழ் ஜாக்கி கொடுத்து, சக்கர மையத்துக்கும் ஃபெண்டருக்கும் இடையே கார் தரையில் நிற்கும்போது இருக்க வேண்டிய அளவு வரும்வரை உயர்த்தி, டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் இறுக்கினார். இதற்கு முன்பு எந்தப் பட்டறையிலும் நான் இதைக் கண்டதில்லை.

சட்டத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருந்தது. பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தைத் திருத்தக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. எப்போது வேண்டுமானாலும் பழைய நிலைக்குத் திரும்ப வழியிருக்க வேண்டும் என்பதற்காக, கம்பெனி ஸ்பிரிங் நான்கையும் ஷோரூம் பாகமாகவே வாங்கிப் பரணில் போட்டு வைத்திருக்கிறேன்.

இப்போது கார் முன்னும் பின்னும் ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் தாழ்ந்து நிற்கிறது. நுரைக்கட்டைக்கும் ஷாக்குக்கும் இடையே முன்பிருந்ததைவிட நன்றாகவே இடைவெளி இருக்கிறது. டை வைத்து மறுபடியும் ஓட்டிப் பார்த்ததில், தெருவின் சிமெண்ட் தடையைத் தவிர வேறெங்கும் அது கட்டையைத் தொடவில்லை. குறைந்த வேகத்தில் சாலையின் ஒட்டுப்போட்ட இடங்கள் முன்பைவிடத் தெளிவாகக் கைக்குத் தெரிகின்றன. பின் இருக்கையில் அமரும் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் 80-இல் போகும்போது மட்டும் அவர் எதுவும் சொல்வதில்லை. ஸ்பிரிங்குகள் படிந்து அமர்ந்த பிறகு வீல் அலைன்மென்ட்டை இன்னொரு முறை பார்த்து, முன் டயர்களின் உள்விளிம்பு தேயாதபடி டோவை, அதாவது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் கோணத்தை, சரிசெய்துகொண்டேன். காரின் பின்புறம் உயர்ந்ததால் ஒளிக்கற்றை முன்பைவிடக் கீழே விழத் தொடங்கியிருந்தது. ஹெட்லைட்டையும் அன்றே மேலே ஏற்றி வைத்தாயிற்று.